உப்புக்காக நடந்தவருக்கும் ரத்தக் கொதிப்பு இருந்தது

போன மாதம் ஒரு காலை. டீக்கடை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர், பேச்சோடு பேச்சாக ஒரு விஷயத்தைச் சொன்னார். பிரஷர் மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறதாம். என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் செய்யலியே அண்ணாச்சி. தலைவலி கிடையாது, கிறக்கம் கிடையாது. தினமும் கடற்கரை வரைக்கும் நடந்து போயிட்டு வாறேன். பொறவு எதுக்கு மாத்திரைய முழுங்கணும்?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. "டாக்டரைக் கேட்டுக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. வலியே இல்லாத ஒன்றை நோய் என்று எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து தேடிப் படிக்க ஆரம்பித்தபோதுதான் தெரிந்தது, இதே கேள்வியை உலகத்துப் பெரிய டாக்டர்களே அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பு வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று. அதற்கு விடை கிடைத்த கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கதையில் நம்ம ஊருக்கும் ஒரு ஓரத்தில் இடம் உண்டு.

குலசேகரன்பட்டினத்தில் இருந்துகொண்டு உப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு போராட்டம் தொடங்கியது. அடுத்த மாதம், செப்டம்பர் 20 அன்று, நம்ம ஊர் உப்பளத்தில் நடந்த மோதலில் உப்பு இலாகா அதிகாரி லோன் கொல்லப்பட்டார். அதுதான் குலசேகரன்பட்டினம் சதி வழக்கு. காசிராஜனுக்கும் ராஜகோபாலனுக்கும் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டு, இருவரும் வெளியே வந்தார்கள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1930 மார்ச் 12-ல் சபர்மதியில் இருந்து கிளம்பி, உப்பு வரியை எதிர்த்துத் தண்டிக்கு நடந்தே போனவர் காந்தி. அப்போது அவருக்கு அறுபது வயது. சுமார் 385 கிலோமீட்டர், 24 நாள் நடை.

அந்தக் காந்திக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் சமீபத்தில்தான் தெரிந்தது. காந்தியின் 150-வது ஆண்டையொட்டி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2019-ல் அவருடைய உடல்நலக் குறிப்புகளை வெளியிட்டது. 1937 அக்டோபர் 26 அன்று அவருடைய ரத்த அழுத்தம் 194/130. 1940 பிப்ரவரி 19 அன்று 220/110. இன்று ஒருவருக்கு இப்படி ஒரு எண் வந்தால், டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பவே யோசிப்பார்.

இதில் என்னை உலுக்கியது எது தெரியுமா? நாம் எதையெல்லாம் காரணம் என்று சொல்கிறோமோ, அதில் பெரும்பாலானது அவரிடம் இல்லை. எடை 47 கிலோகூட இல்லாத உடம்பு. பீடி இல்லை, குடி இல்லை, மாமிசம் இல்லை. தினமும் நடை. உப்பைக்கூட விட்டுப் பார்த்தவர். தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபாவின் உடல்நலத்துக்காக உப்பையும் பருப்பையும் நிறுத்தச் சொன்னார். "உங்களால் முடியுமா?" என்று அந்த அம்மாள் கேட்டதும், அந்த நிமிஷமே தாம் ஓராண்டுக்கு விட்டுவிடுவதாக உறுதி எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்டவருக்கும் வந்தது. ஆனால் வயது அறுபத்தெட்டு, ஓயாத வேலை, தூக்கக் குறைவு, நாட்டுக் கவலை எல்லாம் இருந்தன. 1937 டிசம்பரில் பம்பாய் ஜூஹு கடற்கரையில் ஓய்வெடுக்க வேண்டி வந்தது. ஓய்வு, மௌனம், மண்பட்டி, உணவுக் கட்டுப்பாடு, இவைதான் அன்று அவர் நம்பிய வைத்தியம். அவரைக் குறை சொல்ல முடியாது. ரத்த அழுத்தத்தை நம்பகமாக இறக்கும் நல்ல மாத்திரை எதுவும் அன்று உலகத்திலேயே இல்லை.

அளக்கும் வழியே ரொம்பப் பழையதல்ல. 1733-ல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், ஒரு குதிரையின் ரத்தக் குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகி, ரத்தம் எட்டடிக்கும் மேலே ஏறியதை எழுதி வைத்தார். மனிதருக்கு அப்படிச் செய்ய முடியுமா? 1896-ல் இத்தாலியில் ரிவா ரோச்சி, கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்து, பாதரசத்தை வைத்து அளக்கும் கருவியைச் செய்தார். அதில் மேல் எண் மட்டும்தான் கிடைத்தது. 1905-ல் ரஷ்யாவில் நிக்கோலாய் கொரட்காஃப் என்ற டாக்டர், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சத்தம் தொடங்கும் இடம் மேல் எண், அடங்கும் இடம் கீழ் எண். இன்றும் நம் கையில் பட்டையைக் கட்டி டாக்டர் காது கொடுத்துக் கேட்பது அதைத்தான்.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் அர்த்தம் புரியவில்லை. வயதாக ஆகக் குழாய்கள் இறுகிப் போகின்றன, அவற்றின் வழியே ரத்தத்தைத் தள்ள அழுத்தம் கூடித்தான் ஆக வேண்டும், அதைக் குறைத்தால்தான் ஆபத்து என்று பெரிய டாக்டர்களே எழுதினார்கள். அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் நோயாளிக்குக் கெடுதல் என்று சொன்னவரும் உண்டு. 'வயதோடு நூறைக் கூட்டு, அதுதான் உனக்கான பிரஷர்' என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். அதன்படி எழுபது வயதுக்காரருக்கு 170 இருந்தால் சரி. இந்தக் கணக்கை நம் தலைமுறையில் பலரும் இன்னமும் நம்புகிறார்கள். அது தப்பு என்று தெரிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

தப்பு என்று உலகத்துக்கு உறைத்தது ஒரு சாவால். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இரண்டாம் உலகப் போரை நடத்திக்கொண்டிருந்தார். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயன் என்ற இளம் இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்தபோது அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. வெளியே மட்டும் ஜனாதிபதி நலமாக இருக்கிறார் என்றுதான் சொல்லிவந்தார்கள். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் சர்ச்சிலோடும் ஸ்டாலினோடும் உட்கார்ந்து உலகத்தின் எதிர்காலத்தைப் பேசியபோது அழுத்தம் 260/150. ஏப்ரல் 12 அன்று தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லி மயங்கி விழுந்தார். அன்று அளந்த எண் 300/190. மூளையில் ரத்தக் கசிவு. வயது 63. உலகத்திலேயே அதிகாரம் மிக்க மனிதருக்கு, உலகத்தின் சிறந்த டாக்டர்களால், படுத்து ஓய்வெடுங்கள், உப்பைக் குறையுங்கள், சிகரெட்டைக் குறையுங்கள் என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: காந்திக்கு 220 இருந்தும் 78 வயது வரை இருந்தாரே, கொன்றது துப்பாக்கிதானே? சரிதான். புயல் கூண்டு ஏற்றிய நாளில் கடலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் கவிழ்ந்துவிடுவதில்லை. அதற்காக மணப்பாட்டில் யாரும் கூண்டைப் பார்த்துச் சிரிப்பதில்லை. 'ரிஸ்க்' என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அது தீர்ப்பல்ல, கூண்டு.

அந்தக் கூண்டை உலகத்துக்குக் கட்டிக் கொடுத்தது ஃபிராமிங்ஹாம் என்ற சின்ன ஊர். ரூஸ்வெல்ட் இறந்து மூன்று ஆண்டு கழித்து, 1948-ல், அமெரிக்க அரசு அந்த ஊரில் 30 முதல் 62 வயதுக்குட்பட்ட 5,209 ஆண் பெண்களைச் சேர்த்தது. எல்லோரும் அப்போதைக்கு நன்றாக இருந்தவர்கள். குறிப்பிட்ட இடைவெளியில் கூப்பிட்டு அழுத்தம், கொழுப்பு, எடை, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே வந்தார்கள். யாருக்கு மாரடைப்பு வருகிறது, யாருக்குப் பாரிசவாயு வருகிறது என்று காத்திருந்து பார்த்தார்கள். 1961-ல் வெளியான அறிக்கையில்தான் இன்று எல்லோர் வாயிலும் வரும் 'ஆபத்துக் காரணிகள்' என்ற பேச்சே பரவியது. ஒன்றும் செய்யாமல், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களில், அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. என் டீக்கடை நண்பரின் கேள்விக்கு முதல் பாதி விடை அதுதான்.

இரண்டாவது பாதி, குறைத்தால் பலன் உண்டா என்பது. இதில் இந்தியாவுக்குப் பெருமையான பங்கு இருக்கிறது. 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும், நம் நாட்டு வைத்தியத்தில் இருந்த சர்ப்பகந்தா வேர் மனநோயையும் ரத்தக் கொதிப்பையும் தணிக்கிறது என்று எழுதினார்கள். பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதைப் பல ஆண்டு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் மேல்நாட்டார் விழித்துக்கொண்டார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரில் இருந்து ரிசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். வக்கீலுக்கு 1957-ல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. மருந்து சிலருக்கு மனச்சோர்வைக் கொடுத்ததால் பிற்பாடு பின்னுக்குப் போனது. ஆனால் மாத்திரையால் அழுத்தத்தை இறக்க முடியும் என்ற நம்பிக்கையை அது கொடுத்தது.

1958-ல் சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் தயாசைடு மாத்திரைகள் வந்தன. 1960-களில் இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகள் வந்தன. 1981-ல், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்த கேப்டோபிரில் வந்தது. இதற்கு நடுவில் 1967-ல் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் 143 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. எல்லோருக்கும் கீழ் எண் 115-க்கு மேல். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. மாவு மாத்திரை சாப்பிட்டவர்கள் வரிசையாகச் சிக்கலில் விழுந்ததால், அவர்கள் தொடர்பான சோதனையைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. அழுத்தத்தைக் குறைத்தால்தான் ஆபத்து என்ற பழைய பேச்சு அத்தோடு அடிபட்டுப் போனது.

வயதானவர்களுக்கு? அதற்கும் விடை வந்தது. 60 வயதைத் தாண்டிய, மேல் எண் மட்டும் கூடியிருந்த 4,736 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1991-ல் வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் பாரிசவாயு 36 சதவீதம் குறைந்தது. வயதோடு நூறைக் கூட்டும் கணக்கை நாம் ஏன் மறக்க வேண்டும் என்பதற்கு இதற்குமேல் ஆதாரம் வேண்டியதில்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம். 'ரத்தக் கொதிப்பு' என்று நம் ஆட்கள் வைத்த பெயரே நம்மை ஏமாற்றுகிறது. கொதித்தால் சத்தம் கேட்க வேண்டும், ஆவி பறக்க வேண்டும், முகம் சிவக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். கோபக்காரருக்குத்தான் வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது வாய்க்கால் கரை அரிப்பு மாதிரி. தாமிரபரணிக் கால்வாயில் கரை தளும்பத் தண்ணீர் ஓடும்போது கரை உள்ளுக்குள்ளே கரைவது யார் கண்ணுக்கும் தெரியாது. உடைகிற ராத்திரிதான் தெரியும். மூளையில் உடைந்தால் பாரிசவாயு. இதயம் களைத்தால் மூச்சுத் திணறல், மாரடைப்பு. சிறுநீரகத்தில் என்றால் டயாலிசிஸ். கண்ணில் என்றால் பார்வை.

"எங்க தாத்தா மூணு வேளையும் கருவாடு தின்னுட்டு தொண்ணூறு வயசு இருந்தாரு" என்று சொல்வார்கள். இருந்திருப்பார். அவர் நாள் முழுக்க வெயிலில் வேர்வை சிந்தி உழைத்தார் என்பது ஒன்று. இன்னொன்று, ஐம்பதில் போனவர்களைப் பற்றி நாம் கதை சொல்வதில்லை. ராத்திரி வயலுக்குப் போனவன் விழுந்து செத்தால் முனி அடித்துவிட்டது என்றார்கள். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் செய்வினை என்றார்கள். யாரும் கையில் பட்டை கட்டிப் பார்க்கவில்லை. அந்த முனிகளில் எத்தனை முனி ரத்த அழுத்தமோ!

உப்பைப் பற்றி: உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு சின்ன டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. நாம் சோற்றிலும் குழம்பிலும் போடுவதோடு, கருவாடு, ஊறுகாய், அப்பளம், வத்தல், மிக்சர் எல்லாம் அதே கணக்கில் வர வேண்டும். உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. தண்ணீர் கூடினால் குழாயில் அழுத்தம் கூடும். வயதானால் இது இன்னும் வேகமாக நடக்கும். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சரிதான். ஆனால் உப்பே பண்டமாகிவிடக் கூடாது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

உப்பு ஒன்றே காரணமும் அல்ல. வயதையும் பெற்றோர் கொடுத்த உடம்பையும் நம்மால் மாற்ற முடியாது. தொப்பை, நடையில்லாத நாட்கள், குடி ஆகியவற்றை மாற்றலாம். பீடியும் வெற்றிலையோடு போடும் புகையிலையும், இருக்கும் ஆபத்தைப் பல மடங்கு ஆக்கும். சர்க்கரையும் சேர்ந்தால் இன்னும் மோசம். நம் வயதுக்காரர்கள் மூட்டுவலிக்குக் கடையில் தாமாகவே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளில் பலவும் அழுத்தத்தைக் கூட்டும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். இது பலருக்குத் தெரியாது.

அளப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. காபி குடித்து, பீடி பிடித்து அரைமணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிஷம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் வைத்து, பேசாமல் உட்கார வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு தடவை அளக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 140/90-ஐத் தொட்டு, வேறொரு நாளும் அப்படியே இருந்தால் அது ரத்த அழுத்தம்தான். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையின் அளவை அவர் மாற்றுவார். நாமாக நிறுத்துவது வேறு. சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் எகிறிவிடும்.

தசரா நெருங்கும்போது இதை முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். முத்தாரம்மனுக்கு மாலை போட்டு விரதம் இருக்கும் பெரியவர்கள், விரதத்தோடு மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் போய், எந்த மாத்திரையை எப்போது சாப்பிடலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டதற்காக அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்றின்படி இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு ரத்த அழுத்தம் உண்டு. நம் டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவருக்கு இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நம் வயதில் இன்னும் கூடுதல். ரூஸ்வெல்டுக்குக் கிடைக்காத மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அது வீட்டு வாசலுக்கே வருகிறது. வாசலுக்கு வந்ததை வாய்க்குள் போடுவது மட்டும்தான் நம் வேலை.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். காந்தியின் எண்ணைக் கேட்டதும்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அவ்வளவு நடந்த மனுசனுக்குமா?" என்றார். நேற்றுப் பார்த்தபோது, "போய் அளந்து பாத்தேன் அண்ணாச்சி" என்று எண்ணைச் சொன்னார். அதை இங்கே எழுதவில்லை. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் கடைசியாக எப்போது அளந்தீர்கள்?